ஓடைக்கு அந்தப் பக்கம்

உலகம்மையின் குடிலுக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. வந்த அன்றே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, என்மேல குத்தமில்லைன்னு விசாரணையில எழுதிட்டாங்க. பிறகு ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது?"

"என்ன நடந்தது, அண்ணாச்சி?"

அவர் சொன்னார்.

நகரத்துத் தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுப்பது அவர் வேலை. இருபத்தெட்டு வருடம் எடுத்தார். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம், செங்காடு என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மலையிலிருந்து தீ இறங்கி வருகிறது என்றாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கம் நகரம். அந்தப் பக்கம் ஊராட்சி, அதற்கு வேறு நிலையம். மேலே மலை முழுக்க வனத்துறைக்கு.

அந்தப் பக்கம் என்றாள். அவர் அந்த நிலையத்தின் எண்ணைக் கொடுத்தார். காட்டில்தானே எரிகிறது, வனத்துறையைக் கூப்பிடு என்று அவர்கள் சொன்னார்கள். எங்களிடம் தண்ணீர் வண்டி கிடையாது, நகரத்தைக் கூப்பிடு என்று வனத்துறையில் சொன்னார்கள். மறுபடியும் அவரையே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "ஐயா, நீங்களாவது..." என்றாள். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு அவர் திரும்புவதற்குள் இணைப்பு அறுந்துபோயிருந்தது. ஆடுகளை அவிழ்த்துவிடப் போன அவள் புருஷன் தொழுவத்தைவிட்டு வெளியே வரவேயில்லை.

"நாங்க மூணு பேரும் விதிப்படிதாம்மா செஞ்சோம்."

குரு அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "இங்கேயே இருங்க."

கோமதிநாயகம் இருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். விறகு பிளந்தார். ஒரு மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் இருங்க" என்றார் குரு. அவ்வளவுதான் பதில்.

பங்குனி பிறந்தது. ஒரு நாள் பிற்பகல், குடிலுக்கு மேலே சரிவில் புகை எழுந்தது. குடிலும் அதையொட்டிய பதினொரு வீடுகளும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன. காற்று மலையிலிருந்து கீழே அடித்தது. முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து கிடந்தது.

கோமதிநாயகம் இரண்டு நிலையங்களுக்கும் பேசினார். அவசரத்தில் எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினார்.

நகரத்து வண்டி கால் மணி நேரத்தில் வந்தது. ஓடைப் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. நிலைய அலுவலர் மிக்கேல்ராஜ் இறங்கினார். நல்ல மனிதர் என்று முகமே சொன்னது.

"எங்களுக்குப் பாலம் வரைக்கும்தான், அண்ணாச்சி. ஊராட்சி வண்டி இன்னொரு தீக்குப் போயிருக்காம். வந்துருவாங்க."

"அதுக்குள்ள வீடு பிடிச்சிருமே, தம்பி."

"புரியுது. நான் இங்க தண்ணியைக் காலி பண்ணிட்டு நிக்கும்போது டவுனுக்குள்ள ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்லுவா? நீங்களே சொல்லுங்க."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. தன் குரலையே வெளியில் இருந்து கேட்பதுபோல் இருந்தது. இதே பணிவோடு, இதே நியாயத்தோடு அவரும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

உலகம்மை குடத்தோடு பாலத்தைத் தாண்டி வந்தார்.

"தம்பி, வண்டி வரக்கூடாது, சரி. தண்ணி வரலாமா?"

மிக்கேல்ராஜ் விழித்தார். "தண்ணிக்கு... அப்படி ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்ப இதை நிறைச்சுக் குடுங்க."

குழாயைத் திறந்தார்கள். குரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவை நோக்கி நடந்தார். எரிகிற புல்லின் ஓரத்தில் ஊற்றினார். திரும்பி வந்தார். அதைப் பார்த்துவிட்டு வீடுகளிலிருந்து பெண்கள் குடங்களோடு வந்தார்கள். கோமதிநாயகம் கைக்கு ஒன்றாக இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டார்.

தீ எதற்கும் அசையவில்லை. ஓர் இடத்தில் அணைத்தால் பத்தடி தள்ளி எழுந்தது. நான்காவது நடையில் முதல் வீட்டின் கூரை புகைய ஆரம்பித்தது. உள்ளிருந்து ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோமதிநாயகம் வாளிகளைக் கீழே வைத்தார். மிக்கேல்ராஜின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நானும் உங்க துறையில இருந்தவன்தான். நீங்க இங்கேயே நின்னாலும் உங்கமேல ஒரு குத்தமும் வராது. விசாரணை வச்சாலும் நல்லபடியா முடிஞ்சுரும்."

மிக்கேல்ராஜ் அவரைப் பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தான் முடிஞ்சுது."

 திரும்பிப் போய் வாளிகளை எடுத்துக்கொண்டார்.

மிக்கேல்ராஜ் ஒரு முறை நகரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓட்டுநரிடம், "எடு" என்றார்.

வண்டி பாலத்தைத் தாண்டியது. ஒரு கூரை போயிற்று. பத்து வீடு நின்றது. ஆள் சேதமில்லை. மாலையில் ஊராட்சி வண்டியும் வந்தது; மிச்சக் கங்குகளை இரண்டு நிலையத்தாரும் சேர்ந்தே அணைத்தார்கள். வனத்துறை ஆட்கள் மேலேயிருந்து கரி படிந்த முகத்தோடு இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து மோர் ஊற்றினார்கள்.

எல்லோரும் போன பிறகு கோமதிநாயகம் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இன்னிக்கு வாயைத் திறந்துட்டேன். அன்னிக்கும் திறந்திருக்கலாம்."

"ஆமா, அண்ணாச்சி. திறந்திருக்கலாம்."

ஆறு வருடத்தில் யாரும் அவரிடம் ஆமாம் என்று சொன்னதில்லை. மனைவி, மக்கள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இல்லை இல்லை என்றுதான் தேற்றியிருந்தார்கள். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடிக்கிற வரைக்கும் குரு பக்கத்திலேயே இருந்தார்.

"என்னை மன்னிச்சாச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. தூங்கிருவேன்."

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையே. அந்தப் பொண்ணு பேரு தெரியுமா?"

"பூரணத்தாய்னு பேரு. இன்னும் செங்காட்டுலதான் இருக்கா. அதுக்குப் பிறகு நான் அந்தப் பாதையிலேயே போறதில்லை. என் குரலைத்தான் கேட்டிருக்கா, பேரு தெரியாது."

"காலையில போவோம். நானும் கூட வாரேன்."



"போய் என்னத்தைம்மா சொல்ல?"

"அன்னிக்குப் போனை எடுத்தது யாருன்னு அவளுக்கு இன்னும் தெரியாது, அண்ணாச்சி. அதைச் சொல்லுங்க."