மன்னர் மூக்குக்கு ஒரு வெள்ளோட்டம்

நெல்வாயில் நாட்டை ஆண்ட கடம்பவேளுக்கு வாய்த்த மூக்கு, நாட்டைவிடச் சற்றே பெரியது. மன்னர் அரண்மனை வாசலில் நுழையுமுன் மூக்கு நுழைந்துவிடும். அதுபற்றி அவருக்கு இத்தனை காலம் கவலையே இருந்ததில்லை.

வினை சிலை வடிவில் வந்தது. ஸ்தபதி ஒருவர் வாசலில் மன்னருக்குச் சுண்ணாம்புச் சுதையால் சிலை எழுப்பினார். பரிசு மேல் ஆசை. மூக்கை எள்ளுப் பூவாக்கி, தொப்பையை அடியோடு மறந்துவிட்டார். பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். சிலையைப் பார்த்தார், மன்னரைப் பார்த்தார்.

"சிலையில் இருப்பது தங்கள் தம்பியா? நல்ல அழகன்!"

அவ்வளவுதான். மன்னர் வைத்தியர் மாசிலாமணியை அழைத்தார். போரில் மூக்கறுபட்ட வீரர்களுக்குக் கன்னத்துத் தோலெடுத்து மூக்கு ஒட்டிய கைராசிக்காரர் அவர்.

"என் மூக்கைச் செதுக்கும். சிலையில் உள்ளது போலவே இருக்க வேண்டும். இம்மியும் மாறக்கூடாது."

வைத்தியர் கைகூப்பினார். "அரசே, வெளியே தெரிவது வெறும் வாசல்தான். உள்ளே நடுவில் குருத்தெலும்புச் சுவர், இருபுறமும் காற்றைச் சூடாக்கி அனுப்பும் சதை மடிப்புகள். கண்டபடி குறைத்தால் சுவர் சரியும், வழி அடைபடும்..."

"நாளை மூக்கு குறைய வேண்டும். இல்லையேல் உமது தலை குறையும்!"

பாவம், மனிதர் அழுதே விட்டார். அவருக்காக எழுந்தவன் அவைப் புலவன் கூத்தாண்டி. வாய்த்துடுக்கால் மூன்று முறை நாடு கடத்தப்பட்டு, அவன் இல்லாமல் பொழுது போகாததால் மூன்று முறையும் திரும்ப அழைக்கப்பட்டவன்.

"அரசே, புதுத் தேரைக்கூட வெள்ளோட்டம் விடாமல் வீதியில் இழுப்பதில்லை. ராஜ மூக்கு அதைவிட மட்டமா? ஒரு நாள் மெழுகில் செய்து மாட்டிப் பார்ப்போமே!"

மன்னருக்கு அது நியாயமாகப் பட்டது. கூத்தாண்டி ஏணி போட்டுச் சிலையின் மூக்கை அளந்தான். மறுநாள் மதியம் தேன்மெழுகால் மன்னர் மூக்கை இறுக்கி, பூசி, மெழுகி முடித்தான். கண்ணாடியைப் பார்த்த மன்னர் பூரித்துப் போனார்.

மன்னருக்கும் விருந்தாளித் தூதருக்கும் இலை போட்டார்கள். மிளகுக் குழம்பு வந்தது, வாசனை வரவில்லை. மன்னர் வாய் நிறையச் சோற்றை அடைத்து மென்றார். மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மூக்கு வழி இல்லை. வாயிலோ சோறு. விழி பிதுங்கியது. அடுத்த கணம் அத்தனை சோறும் எதிரே இருந்த தூதர் முகத்தில்! மன்னர் மெழுகைப் பிய்த்தெறிந்து ஏழு தும்மல் போட்டார்.

"அடேய்! என்னைக் கொல்லப் பார்த்தாயா? ஓட்டையே வைக்கவில்லையே!"

"சிலையிலும் இல்லையே அரசே! இம்மியும் மாறக்கூடாது என்றது தாங்கள்தானே? சிலைக்கு மூச்சு விடும் வேலையில்லை, சாப்பாடும் இல்லை. அதற்கு அந்த மூக்கு போதும்."

மன்னர் சோற்றையும் பார்த்தார், வைத்தியரையும் பார்த்தார். மூக்கு நிறையக் காற்றை இழுத்தார். குழம்பு மணத்தது.

"மாசிலாமணி, உமது தலை உமக்கே. கூத்தாண்டி, உனக்கு நூறு பொன். ஸ்தபதியிடம் சொல், சுதை குழைத்துச் சிலையின் மூக்கைப் பெரிதாக்கட்டும். ஓட்டையும் போடட்டும்."

கூத்தாண்டி பணிவாகக் கேட்டான்: "சிலைக்குத் தொப்பையும் இல்லை அரசே. அதற்கொரு வெள்ளோட்டம்... நாளை முதல் பட்டினியாக?"

மன்னர் தூதர் மீசையில் தொங்கிய பருக்கையைப் பார்த்துக் குலுங்கிச் சிரித்தார். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சுதையை நான்கு கூடை கூடுதலாகக் குழைக்கச் சொல்!"