இரவல் தண்ணீர்

கல்லை எடுத்தது தப்பு.

எடுத்த பிள்ளைக்கு அது தெரியாது. பாலித் தீவில் ஒரு மலைக் கிராமம். படிப்படியாக இறங்கும் வயல்கள். நடுவே ஒரு வாய்க்கால், குறுக்கே ஒரு தென்னங்கட்டை. கட்டையில் இரண்டு வெட்டு. ஒரு வெட்டில் வழியும் தண்ணீர் நெங்காவின் வயலுக்கு. மற்றது கீழே இருக்கும் சுகெர்தி அம்மாளின் வயலுக்கு. நெங்காவின் வெட்டில், இலை சுற்றிய கல் ஒன்று அடைத்திருந்தது.

வாய்க்காலில் அடைப்பைக் கண்டால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கை சும்மா இருக்காது. எடுத்துவிட்டது.

அது அடைப்பு இல்லை. இரவல்.

தண்ணீர் குறைந்த மாதம். அம்மாள் நடவு நட்டு நாலு நாள். பயிர் பச்சை பிடிக்கும் வரை என் பங்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்து, நெங்கா தன் வெட்டில் தானே வைத்த கல் அது. அந்த ஊரில் இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது. கல்தான்.

மறுநாள் பார்த்தால் கல் இல்லை. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டான் என்று அம்மாள் நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? நெங்கா மறுபடி கல்லை வைத்தார். அவளே வந்து எடுத்து வீசினாள். அவரோடு பேச்சை நிறுத்தினாள்.

அவள் பங்குத் தண்ணீர் மட்டும் வந்தால் வழியிலேயே மண்ணில் இறங்கிவிடும். வயல் வரை போகாது. மூன்று நாளாக நடவு காய்கிறது.

நாலாம் நாள் பேராசிரியர் வைத்திலிங்கம் நெங்காவின் கடைக்கு வந்தார்.

வைத்திலிங்கத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லூரி மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய், வயலில் இறக்கிப் படிக்கவைக்க முறையாகப் பயிற்சி பெற்றவர். சான்றிதழ் உண்டு. ஆறு வருஷமாக வருகிறார். ஒரு புகார் இல்லை. இந்தத் தடவை பதினொரு பேர், பதினெட்டு நாள்.

நெங்கா அவரைவிடப் பதினாலு வயது இளையவர். ஊர்த் தண்ணீர்ச் சங்கத்துக்குத் தலைவர். பிழைப்பு, மோட்டார் பைக்குக்குப் பஞ்சர் ஒட்டுவது. அந்த ஊரில் வாத்தியாருக்குக் குரு என்றுதான் பேர். அதனால் அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக அரைகுறை இங்கிலீஷ் இருந்தது. போதும்.

“மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா ஏத்துக்கலை,” என்றார் வைத்திலிங்கம்.

“எப்படிக் கேட்டீங்க, குரு?”

“கடிதம். உங்க பாஷையிலேயே எழுதவெச்சு, முத்திரை போட்டு. அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க.”

நெங்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

“எங்கள் குழுவினரால் நேர்ந்த தவறுன்னு இருக்கு.”

“ஆமா.”

“குழுவுக்குக் கை உண்டா?”

“நான் பொறுப்பாளர். அவங்க செஞ்சது நான் செஞ்ச மாதிரி.”

“கல்லை நீங்க எடுத்தீங்களா?”

“இல்லை.”

“பின்னே யாரு?”

“தெரியாது. அன்னிக்கு வாய்க்கால்ல இறங்கினது எங்க பிள்ளைங்கதான். யாருன்னு நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன். கேட்டா ஒரு பிள்ளை தலை உருளும்.”

அதில் அவருக்குப் பெருமை உண்டு. குரலில் தெரிந்தது.

நெங்கா எழுந்து வாய்க்காலுக்கு நடந்தார். கடிதத்தை நாலாக மடித்தார். கல் இருந்த வெட்டில் வைத்து அழுத்தினார். கையை எடுத்தார்.

கடிதம் வயலுக்குள் போய் விழுந்தது, முத்திரையோடு.

“நிக்கலை,” என்றார்.

வைத்திலிங்கத்துக்குக் காது சூடாயிற்று. “விளையாடாதீங்க. பயிர் காயுது.”

“அந்தம்மா என்ன நினைக்கறாங்க தெரியுமா? நான் வாக்கு மாறிட்டு, பொய் சொல்ல விருந்தாளியைப் பிடிச்சு அனுப்பியிருக்கேன்னு. கடிதத்தைப் பார்த்ததும் அது உறுதியாயிடுச்சு.”

“ஐயோ.”

“நாளைக்குச் சாயங்காலம் சங்கம் கூடுது. அதுக்குள்ள இது தீரலைன்னா உங்களை ஊருக்கு அனுப்பிடுவாங்க. அதை விடுங்க. இந்த வாய்க்கால்ல இனிமே யாரும் யாருக்கும் கல் வைக்க மாட்டாங்க.”

நெங்கா அதை விடுங்கள் என்றது எதையோ, வைத்திலிங்கத்தால் அதைத்தான் விட முடியவில்லை. பதினொரு பேர். கடலை முதல்முறை தாண்டியவர்கள். ஆறாம் நாளே மூட்டை கட்டுவதா?

“நான் என்ன செய்யணும்?”

நெங்கா திரும்பிக் கடைக்கு நடந்தார்.

தங்கியிருந்த வீட்டில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“என்னாச்சு சார்?” என்றான் கூத்தாநல்லூர் ஹாஜா. அந்தக் கூட்டத்தில் வாய் உள்ளவன் அவன்தான்.

“ஒண்ணும் ஆகலை. சாப்பிடுங்க.”

“நம்ம ஊரா இருந்தா இந்நேரம் மண்வெட்டி தூக்கியிருப்பாங்க சார். ரெண்டு மண்டை உடைஞ்சு, ராசியாகி, டீயும் குடிச்சிருப்போம். இங்க பேசாமலே கொல்றாங்க.”

“வாயை மூடுறா.”

எல்லோரும் சிரித்தார்கள். மன்னார்குடிப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாளாகத் தட்டை அளைந்துகொண்டிருக்கிறாள். அவள் எழுந்து வாசல் வரை அவர் பின்னால் வந்தாள்.

“சார், ஒண்ணு சொல்லணும்.”

“என்னம்மா?”

“அந்தக் கல்லு...”

வைத்திலிங்கம் சட்டென்று கையை உயர்த்தினார். “எதுவும் சொல்ல வேண்டாம். நான் இருக்கேன்ல? நான் பாத்துக்கறேன். போய்ச் சாப்பிடு.”

“இல்லைங்க சார், நான் அந்தம்மாகிட்ட...”

“பாஷை தெரியாத ஊர். அந்தம்மா கோவத்துல இருக்காங்க. உனக்கு ஒண்ணுன்னா உங்கப்பாவுக்கு நான்தான் பதில் சொல்லணும். போம்மா.”

அவள் போனாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வைத்திலிங்கம் இரண்டு வாளி எடுத்தார். கால்சட்டையை மடித்துவிட்டார். வாய்க்காலில் மொண்டு, சுகெர்தி அம்மாளின் வயலுக்குச் சுமந்தார். பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

“நாங்களும் தூக்கறோம் சார்.”

“வேண்டாம். வரப்பிலேயே நில்லுங்க. வழுக்கும்.”

நின்றார்கள். இரண்டு பேர் குறிப்பு எழுதினார்கள். ஒருவன் படம் எடுத்தான்.

எட்டாவது நடையில் வழுக்கியது அவருக்குத்தான். வயலுக்குள் போனார். கண் எதிரே ஆறேழு நாற்று மிதிபட்டது. சுகெர்தி அம்மாள் குடிசையிலிருந்து வந்தாள். அறுபது வயதிருக்கும்; ஒல்லி. அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, மிதிபட்ட நாற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பிறகு காலி வாளி இரண்டையும் எடுத்து வரப்பில் வைத்தாள். போ என்று அர்த்தம்.

நெங்கா வரப்பில் நின்றிருந்தார்.

“குரு, அந்தப் பிள்ளைங்க எதுக்கு வந்தாங்க?”

“தண்ணியைப் பங்கு வைக்கறதைக் கத்துக்க.”

“இன்னிக்கு என்ன கத்துக்கிட்டாங்க?”

வைத்திலிங்கம் சேற்றை வழித்தார்.

“வாங்க. கடைக்குப் போவோம். பிள்ளைங்களும் வரட்டும்.”

கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு சுவர். சுவருக்கு எதிர்ப்பக்கம் திறந்தவெளி. அங்கிருந்து வாய்க்கால், கட்டை, இரண்டு வயல் எல்லாம் தெரியும். நெங்கா ஒரு முக்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டார்.

“உக்காருங்க. சுவரைப் பாருங்க.”

“எதுக்கு?”

“உக்காருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“இந்தப் பஞ்சர் ஒட்டற வரைக்கும்.”

வைத்திலிங்கம் உட்கார்ந்தார். தூங்காத உடம்பு, வாதாடத் தெம்பில்லை. முழங்கால் சுவரில் இடித்தது. நெங்கா வெளியே போய்ப் பிள்ளைகளிடம் பேசியது காதில் விழுந்தது.

“உங்க குரு கொஞ்ச நேரம் இங்க இல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே வந்து ரப்பரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

வெளியே ஹாஜாவின் குரல், மெதுவாக.

“ஏய். எங்க போற? அந்தம்மா அடிச்சுட்டா?”

“அடிக்கட்டும்.”

காலடி ஒன்று சரிவில் இறங்கியது. ஒன்றே ஒன்று. வைத்திலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது.

“தனியா போகுதா? யாரது? வழி வழுக்குமே!”

“சுவர்,” என்றார் நெங்கா.

“அடிபட்டா நான்தான்...”

“பஞ்சர் இன்னும் ஒட்டலை, குரு.”

அந்தப் பஞ்சர் அப்போதே ஒட்டிவிட்டது. நெங்கா அதை உரித்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்ததை வைத்திலிங்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

கீழே அம்மாளின் குரல் உயர்ந்தது. ஏச்சு. பாஷை தெரியாவிட்டாலும் ஏச்சு என்று தெரிந்தது. வைத்திலிங்கத்தின் கால் தானாக எழப்பார்த்தது. இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தமிழ். அழுகை கலந்த தமிழ். அத்தையிடம் பேசுகிற மாதிரி, உரக்க.

“நாந்தாம்மா! இங்க வாங்க, பாருங்க. இப்படித்தான் எடுத்தேன். அவரு எடுக்கலை. அடைச்சிருக்குன்னு நெனச்சேம்மா. எங்க ஊர்ல அடைச்சிருந்தா எடுத்து விட்ருவோம். கேக்க மாட்டோம். இப்படி இலையைப் பிரிச்சு, இப்படி... எனக்குத் தெரியலைம்மா.”

ஒரு வார்த்தை அம்மாளுக்குப் புரிந்திருக்காது.

வைத்திலிங்கம் சுவரில் ஒரு எறும்பு ஏறுவதைப் பார்த்தார். அது உச்சிக்குப் போய் மறைந்தது.

இலை கிழியும் சத்தம். அம்மாள் ஏதோ சொன்னாள். இப்போது ஏச்சு இல்லை, வேலை சொல்கிற குரல். இப்படி இல்லை, அப்படி என்கிற குரல். கல் கட்டையில் உரசியது.

வாய்க்காலின் சத்தம் மாறியது. ஒரு பக்கம் அடங்கியது. மறுபக்கம் கனத்தது.

மேலே நின்ற பிள்ளைகள் மூச்சு விட்டது கேட்டது. ஹாஜா எதுவும் சொல்லவில்லை. அது அதிசயம்.

நெங்காவின் கை நின்றது. தலையைத் திருப்பிக் கேட்டார். எவ்வளவோ வருஷமாக அவர் கேட்டுவருகிற சத்தம் அது. டியூபைக் கீழே வைத்தார்.

“ஒட்டிடுச்சு,” என்றார்.

வைத்திலிங்கம் திரும்பினார். கண் கூசியது.

சுகெர்தி அம்மாள் முழங்கால் சேறோடு சரிவேறி வந்துகொண்டிருந்தாள். நேராகக் கடைக்குள் வந்தாள். நாலு நாளுக்குப் பிறகு நெங்காவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டே வார்த்தை சொன்னாள். நெங்கா தலை குனிந்தார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பலகையை அவளுக்குக் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்து, தன் கையையே பார்த்தாள். அள்ளுகிற மாதிரி விரலை மடக்கி, அடைப்பை இழுக்கிற மாதிரி ஒருதரம் இழுத்தாள். தனக்குள் சிரித்துக்கொண்டாள். நடவு செய்கிற வீட்டுக் கை எந்த ஊரானாலும் அப்படித்தான் இழுக்கும்.

“என்ன சொல்றாங்க?” என்றார் வைத்திலிங்கம்.

“அந்தக் கையை நம்பலாமாம்.”

“போன பொண்ணு பேரைக் கேட்டுக்கிட்டாங்களா?”

நெங்கா அம்மாளிடம் கேட்டார். அவளுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை. முதல்தரம் உடைந்தது. இரண்டாம்தரம் பாதியில் நின்றது. அவள் விடவில்லை. கீழே வாய்க்காலில் இன்னும் குனிந்து நின்ற மன்னார்குடிப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, மூன்றாம்தரம் முழுசாகச் சொன்னாள்:

“செங்கமலம்.”