இடது கைத் தாலாட்டு

வடபழனியில் கலாதரன் என்று ஓர் இசையமைப்பாளர். ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்த்துப் பாட்டைப் பதிவுசெய்யப் புதிதாக வாங்கிய வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு முன்னால் மூன்று நாளாக உட்கார்ந்து, ஒரு தாலாட்டுக்கு ஏற்ற சத்தத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். ஆயிரம் சத்தம் கிடைத்தது, மெட்டுதான் வரவில்லை. சாயங்காலம் படத்தின் டைரக்டர் பாட்டைக் கேட்க வந்துவிடுவார்.

அன்று காலை பார்த்து வேலை கேட்டு வந்தாள் எஸ்தர், இடுப்பில் கைக்குழந்தையோடு. கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவள்.

"கீபோர்டுக்கு ரெண்டு கை வேணும்மா," என்று சிரித்தார் கலாதரன். "குழந்தைய இறக்காம, ஒரு கோஷ்டியே வாசிக்கிற மாதிரி தாலாட்டு வாசி. வேலை உனக்கு."

எஸ்தர் அவருடைய கீபோர்டைத் தொடவில்லை. மூலையில் தூசி படிந்திருந்த, பக்கவாத்தியங்களைத் தானே சேர்த்துக்கொள்ளும் பழைய அரேஞ்சர் கீபோர்டு பக்கம் போனாள். குழந்தையை வலது தோளில் சாய்த்து ஆட்டினாள். அந்த ஆட்டத்தின் வேகத்துக்கே தாளத்தை வைத்தாள். இடது கை சுரங்களைச் சேர்த்து அழுத்தி கார்டு மாற்ற மாற்ற, தபேலாவும் வயலினும் தாமாகவே கூட வந்தன. மேலே அவள் முணுமுணுத்ததுதான் மெட்டு.

கலாதரனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "அப்ப நான் வாங்கினது வீணா?"

"இல்ல சார். மெட்டு பிறக்கத்தான் இந்தப் பழசு. ஒவ்வொரு சத்தமா இழைச்சு ரெக்கார்டு பண்ண உங்களுதுதான் வேணும். ஆனா அதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணும்."

சொல்லிவிட்டுக் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

சாயங்காலம் டைரக்டர் வந்து, பாட்டைக் கேட்டுக் கைதட்டப் போனார். கலாதரன் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா சார். இப்பதான் தூங்குச்சு."