கடன் வாங்கிக் கழித்தல்

சங்கரலிங்கம் மன அமைதி தேடித்தான் அந்த ஆசிரமத்துக்கு வந்தார். கிடைத்தது இரண்டாம் வகுப்பு.

பணிக்காலம் முழுவதும் பாலிடெக்னிக்கில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மலையடிவாரத்தில் மரகதம்மா என்று ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். மரகதம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருகாலத்தில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. இப்போது அந்த ஆசிரமத்தையும், சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு அதற்குள்ளேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தையும் நடத்திவந்தார்.

"தியானம் கத்துக்கணும்மா" என்றார் சங்கரலிங்கம்.

"கத்துக்கலாம். அதுவரைக்கும் ரெண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுங்க. டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்காங்க."

சங்கரலிங்கம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். வளர்ந்த பையன்களுக்கு வகைநுண்கணிதம் நடத்திய ஆளுக்கு இது ஒரு வேலையா? அன்று மாலையே ஒரு அட்டவணை போட்டார். தீபாவளிக்குள் கூட்டல். கார்த்திகைக்குள் கழித்தல். பொங்கலுக்குள் ஐந்தாம் வாய்ப்பாடு வரை. அழகாகக் கோடு கிழித்துச் சுவரில் ஒட்டினார்.

கார்த்திகை வந்து போய்விட்டது. வகுப்பு கடன் வாங்கிக் கழித்தலில் மாட்டிக்கொண்டு நின்றது.

முன்வரிசையில் ஜெசிந்தா என்று ஒரு பெண். சார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையை எழுதிவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பிரித்துக்கொண்டிருப்பாள். பின்வரிசையில் இசக்கி. அவளுக்கு எல்லாவற்றுக்கும் விரல் வேண்டும். கைவிரல் தீர்ந்தால் கால்விரலைத் தொட்டு எண்ணுவாள். ஜெசிந்தாவுக்காக வேகமாகப் போனால் இசக்கி தொலைந்துபோவாள். இசக்கிக்காக நின்றால் ஜெசிந்தா வகுப்பையே கலைத்துவிடுவாள். நடுவில் நின்று கத்திக் கத்திச் சங்கரலிங்கத்துக்குத் தொண்டை கட்டியது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாற்பத்திரண்டில் பதினேழு போனால் என்ன என்று கேட்டிருந்தார். இசக்கி சிலேட்டை நீட்டினாள். முப்பத்தைந்து.

"எப்படி வந்துச்சு?"

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு சார். நாலுல ஒண்ணு போனா மூணு."

"எத்தனை தடவை சொல்றது? மேல இருக்கிறதுலேர்ந்துதான் கீழ இருக்கிறது போகணும். தலைகீழாப் போடுவியா?"

இசக்கி பேசவில்லை. அந்த மௌனம்தான் அவரை உசுப்பிவிட்டது.

"இனி உன்னோட மல்லுக்கட்ட என்னால முடியாது. திங்கட்கிழமையிலேர்ந்து ஒண்ணாம் வகுப்புல போய் உட்காரு. உன் தம்பி பக்கத்துல."

வகுப்பு சிரித்தது. இசக்கி அழவில்லை. சிலேட்டை மடியில் வைத்து, பாவாடை நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எழுத்துப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் சங்கரலிங்கம் மரகதம்மா முன்னால் போய் நின்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இசக்கியை ஒண்ணாம் வகுப்புக்கு இறக்கிடலாம்னு இருக்கேன். அவளால எல்லாரும் நிக்கிறாங்க. பொங்கலுக்குள்ள பாடம் முடியாது."

"சரி."

உடனே சரி என்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அப்ப திங்கட்கிழமையே அனுப்பிடவா?"

"திங்கட்கிழமை நானும் உங்க வகுப்புக்கு வர்றேன். எனக்கும் கணக்கு மறந்துபோச்சு. அதுக்கப்புறம் அனுப்புங்க."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மரகதம்மா வந்து பின்வரிசையில் இசக்கி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் சிலேட்டு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சங்கரலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே கணக்கைப் பலகையில் எழுதினார். அம்மா முன்னால் ஒழுங்காக நடத்த வேண்டுமே என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு எல்லோரையும் போடச் சொன்னார்.

மரகதம்மா சிலேட்டை நீட்டினார். முப்பத்தைந்து.

சங்கரலிங்கம் சங்கடமாகச் சிரித்தார். "அப்படித் திருப்பக் கூடாதும்மா."

"ஏன் சார்? கூட்டும்போது எப்படி வேணும்னாலும் திருப்பலாம்னு இதே வகுப்புல சொல்லிக்குடுத்தீங்களாமே."

"அது கூட்டல். இது கழித்தல்."

"கழித்தல்ல ஏன் கூடாது?"

சங்கரலிங்கம் யோசித்தார். "உங்ககிட்ட ரெண்டு வாழைப்பழம் இருக்கு. நான் ஏழு கேக்கறேன். தர முடியுமா?"

"முடியாது."

"அதான். அதனால பக்கத்து இடத்துலேர்ந்து ஒண்ணு கடன் வாங்கறோம். ரெண்டு இப்ப பன்னிரண்டு ஆயிடுச்சு."

"ஒண்ணு வாங்கினா ரெண்டும் ஒண்ணும் மூணுதானே சார்? எப்படிப் பன்னிரண்டு ஆச்சு?"

"அது ஒண்ணு இல்லம்மா. பத்து."

"ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"பத்தாம் இடத்து ஒண்ணு. இந்தப் பக்கம் வந்தா பத்து."

"இடம் மாறினா ஒண்ணு பத்தாயிடுமா?"

முன்வரிசையிலிருந்து ஜெசிந்தா பொறுமை இழந்து எழுந்தாள். "அம்மா, அதெல்லாம் கேக்கக் கூடாது. மேல ஒரு கோடு அடிக்கணும், இங்க ஒரு ஒண்ணு போடணும். அவ்வளவுதான்."

"ஏன் கோடு அடிக்கணும்?"

"கோடு அடிச்சாத்தான் சார் ரைட் போடுவாங்க."

சங்கரலிங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெசிந்தாவை உட்காரச் சொன்னார். பலகையை அழித்தார். திரும்ப எழுதினார். இந்த முறை கட்டம் போட்டுக் காட்டினார். மரகதம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "புரியல சார்" என்றார். சங்கரலிங்கம் எண்கோடு போட்டுக் காட்டினார். "இப்ப முன்னைவிடக் குழப்பமா இருக்கு சார்." வேறு யாராவது என்றால் சாக்பீஸை விட்டெறிந்திருப்பார். அம்மாவிடம் எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை தொடங்கினார்.

அப்போது பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. அம்மாவே கேட்கும்போது தானும் கேட்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"சார், அந்தக் கடனை எப்ப திருப்பிக் குடுப்பாங்க?"

இசக்கிதான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள்.

கடன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து இந்தப் பெண் இதை நினைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அவர் அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறார்.

மூலையில் பெருக்கும் வாரியல் சாத்தியிருந்தது. போய் எடுத்தார். கட்டை அவிழ்த்து ஈர்க்குச்சிகளை முறித்துத் தரையில் போட்டார். பிள்ளைகள் சுற்றி வந்து குனிந்தார்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொன்னார். நாலு கட்டு. தனியாக இரண்டு குச்சி. எல்லாவற்றையும் மரகதம்மா முன்னால் வைத்தார்.

"நாற்பத்திரண்டு. பதினேழு குடுங்க."

மரகதம்மா ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். தனிக்குச்சி இரண்டையும் கொடுத்தார். அப்புறம் கை நின்றுவிட்டது. இன்னொரு கட்டை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இன்னும் அஞ்சு தரணும். ஆனா இது கட்டால்ல இருக்கு?"

சங்கரலிங்கம் வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. இசக்கி அந்தக் கட்டை வாங்கினாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். குச்சிகள் தரையில் சிதறின.

"அவுத்துடணும்மா. அவுத்தா பத்து. கடன் இல்ல, நம்மளோடதுதான்."

ஐந்தை எண்ணிச் சாரிடம் கொடுத்தாள். மிச்சத்தை எண்ணத் தொடங்கினாள். விரலை மடக்கி மடக்கித்தான் எண்ணினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜெசிந்தாகூட முட்டி போட்டு உட்கார்ந்து, கோடு அடித்த தன் சிலேட்டையும் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சு" என்றாள் இசக்கி.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரே ஒரு கணக்கு. அறை முழுக்க ஈர்க்குச்சி. சுவரில் இருந்த அட்டவணை சங்கரலிங்கத்தின் கண்ணில் பட்டது. அடக்கி வைத்ததெல்லாம் கோபமாகத் திரண்டுகொண்டு வந்தது. நேராகக் குழாயடிக்குப் போனார். மரகதம்மா கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். பிள்ளைங்க முன்னால என்னை வச்சு விளையாடிட்டீங்க. நாற்பத்திரண்டுல பதினேழு போனா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப நடிச்சீங்க."

"முதல் தடவை நடிச்சேன்" என்றார் மரகதம்மா. "ஒண்ணு எப்படிப் பத்தாச்சுன்னு நீங்க விளக்கினீங்க பாருங்க, அதுலேர்ந்து நிஜமாவே புரியல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் அதை இறுக்கி மூடினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்த வேகத்துல போனா பொங்கலுக்குள்ள எப்படிம்மா முடிப்பேன்?"

"முடியாதுதான்."

"அப்ப ஜெசிந்தா?"

"இன்னைக்கு அவ யார் சடையைப் பிரிச்சா?"

சங்கரலிங்கம் யோசித்துப் பார்த்தார். யார் சடையையும் பிரித்ததாக நினைவில்லை.

தாழ்வாரத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். இசக்கி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவே ஒருமுறை சாரைப் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இனி தன் இடம் எது என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு விஷயம்..." என்று இழுத்தார் சங்கரலிங்கம். "என்ன பண்ணட்டும்?"

மரகதம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"புரியலன்னா கீழே இறக்கறதுன்னு முடிவு பண்ணினது நீங்கதானே. அவளாவது பேசாம இருந்தா. நான் காலையிலேர்ந்து உங்களை அடுத்த கணக்குக்கே போக விடல. ஒண்ணாம் வகுப்புல ரெண்டு பேருக்கு இடம் இருக்கான்னு பாத்துட்டு வாங்க."