வண்டுக்கு வைத்த பந்தி

கோணக்கண்மாய் ஊரில் மூளைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லோரிடமும் இருந்தது, புத்தம் புதிதாக, ஒருநாள்கூடப் பயன்படுத்தாமல்.

அந்த ஊர்க் கண்மாயை வெங்காயத்தாமரை என்னும் களை மூடி, மடையையும் அடைத்துவிட்டது. கடைசி வயல் தொப்பளானுடையது. தண்ணீர் போய்ச் சேராமல் அவன் நெல் மஞ்சளடித்தது.

பூச்சி ஆராய்ச்சி அதிகாரி ஜெயசுதா ஒரு டப்பா வண்டோடு வந்தார். வண்டு வெளியே பரவிவிடாதபடி, கண்மாய் ஓரத்தில் கொஞ்சம் தாமரையை வலை கட்டி வளைத்தார். உள்ளே நெல் நாற்றும் கத்தரிச் செடியும் வைத்து, வண்டுகளை விட்டார்.

“இது இந்தச் செடிக்கு எதிரி. தாமரையை மட்டும் தின்னு தீர்க்கணும், வேற பயிரைத் தொடக்கூடாது. இந்தச் சோதனையில ஜெயிச்சாக் கண்மாய் முழுக்க விட்டுடலாம். நல்லாப் பாத்துக்குங்க.”

தொப்பளான் நல்லாப் பார்த்துக்கொண்டான். பகலெல்லாம் வண்டுகள் தாமரைக்குள் பதுங்கியே கிடந்தன. அவன் ஊருக்குள் ஓடினான்.

“ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குதுய்யா!”

“எப்படிச் சாப்பிடும்?” என்றான் ஒச்சப்பன். ஊர் விசேஷங்களில் பந்தி விசாரிப்பது அவன்தான். “வெளியூர் விருந்தாளி. நாம பக்கத்துல உக்காந்து இலையில கை வைக்காம அது எப்படிய்யா வாய் வைக்கும்?”

ஊரே ஒத்துக்கொண்டது. வலையைச் சுற்றிப் பந்தி விரித்தார்கள். வண்டுக்கும் ஒரு இலை போட்டார்கள். வலைக்குள் கைவிட்டுத் தாமரையைப் பறித்து அவித்தார்கள். உப்புப் போடலாமா என்பதில்தான் பெரிய விவாதம்.

“வேற பயிரைத் தொடக்கூடாதுன்னாங்களே?”

“உப்பு பயிரா?”

“பின்ன உப்பளத்துல என்னய்யா விளையுது?”

உப்பில்லாமலே தின்றார்கள். தொண்டை அரித்தது. தொப்பளான் தன் நெல்லை நினைத்துக்கொண்டு, கண்ணீரோடு இன்னொரு கவளம் கேட்டான். வண்டுகளுக்குக் கூச்சம் தெளிந்தபாடில்லை. தினமும் பந்தி நடந்தது. வலைக்குள் இருந்த தாமரைதான் தீர்ந்துபோனது.

அதிகாரி வந்து பார்த்தார். வாயெல்லாம் பல். “சபாஷ்! இவ்வளவும் வண்டா தின்னுச்சு?”

“இல்லைங்கம்மா. அதுக்குக் கூச்சம். துணைக்கு உக்காந்து நாங்கதான் தின்னோம்.”

ஜெயசுதா தலையில் கைவைத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பளான் ஓடிவந்து பக்கத்தில் குந்தினான்.

“அப்ப சோதனை தோத்துப்போச்சாம்மா?”

“வண்டு தோத்துப்போச்சு” என்றார் அவர், சுரத்தில்லாமல்.

தொப்பளான் வலைக்குள் எட்டிப் பார்த்தான். நாற்று வைத்தபடியே இருந்தது. கத்தரிக்காய்கூடப் பறிக்காமல் தொங்கியது. அவன் முகம் மலர்ந்தது.

“தாமரையைத் தின்னு தீர்த்தது நாங்க. வேற பயிரைத் தொடாததும் நாங்க. அப்ப ஜெயிச்சது நாங்கதானேம்மா?”

அவர் எழுந்திருப்பதற்குள் ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாயில் இறங்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் தாமரையை மென்றபடி தொப்பளான் திரும்பிக் கத்தினான்:

“அம்மா, சுத்தி ஒரு வலையைக் கட்டுங்க! பக்கத்து ஊருக்கு நாங்க பரவிடப் போறோம்!”