சங்குத்துறைக்கு வந்த இரண்டு பிலிப்பு சாமிகள்

"உபதேசியாரே, வந்திருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தன் கள்ளன். எவன்னு சொல்லும்."

சந்தியாகு பட்டங்கட்டி வந்ததும் வராததுமாகக் கேட்டார். சங்குத்துறைக்கே தலைவர். ஐம்பது வயசுக்கு மேல் வேதம் படிக்க ஆசை வந்து, தன்னைவிட இருபது வயசு இளைய உபதேசியார் இஞ்ஞாசியிடம் சீடராகச் சேர்ந்தவர். பொறுமையை மட்டும் இன்னும் படித்தபாடில்லை.

கோட்டையைப் பிடித்த, போப்பாண்டவரை ஏற்காத புது வெள்ளைக்காரர்கள், நம் கத்தோலிக்கச் சாமியார்களைக் கண்டால் சுடு என்று உத்தரவு போட்டிருந்த காலம் அது. சாமியார்கள் வேஷம் மாறித்தான் வந்து போவார்கள். கொச்சியிலிருந்து பிலிப்பு சாமி வருவதாகத் தகவல். அவர் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வந்ததோ இரண்டு பேர். ஒருவர் பண்டார வேஷம். இன்னொருவர் உப்பு வியாபாரி வேஷம்.

"நான்தான் பிலிப்பு. அவன் கோட்டையின் ஒற்றன்" என்று இரண்டு பேரும் சாதிக்கிறார்கள். இதென்ன கூத்து!

"லத்தீன்ல கேட்டுப் பார்த்தீரா?" என்றார் உபதேசியார்.

"ரெண்டு பேரும் வெளுத்து வாங்குறாங்க."

"பூசை செபம்?"

"ஒரு தப்பில்ல. கள்ளப்பய எந்தக் குருமடத்துல இருந்து ஓடிவந்தானோ!"

பட்டங்கட்டி தன் வீட்டுப் பக்கம் கை காட்டினார்.

"என் சம்சாரம் இன்னிக்கு ராத்திரி தாங்கமாட்டா. அவஸ்தைப் பூசுதல் வேணும்னு கேக்கா. ஒரு கள்ளன் கையால எண்ணெய் பூசியா அவளை அனுப்புவேன்?"

உபதேசியார் கடற்கரைப் பக்கம் திரும்பி மணல்மேட்டைப் பார்த்தார்.

"பொழுது சாயும்போது உம்ம ஆளுங்க மணல்மேட்டுல போய் நிக்கட்டும். ஆளுக்கொரு துடுப்பைத் தோள்ல சாத்திக்கிடச் சொல்லும்."

"எதுக்கு?"

"சொன்னதைச் செய்யும்."

அந்தியில் உபதேசியாரும் பட்டங்கட்டியும் வலைக்குடிசைக்குப் போனார்கள். இரண்டு பிலிப்பு சாமிகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோட்டைப் பட்டாளம் மணல்மேட்டுல வந்து நிக்குது" என்றார் உபதேசியார். "சாமியாரை அனுப்பு, இல்லாட்டி ஊரைக் கொளுத்துவோங்கான்."

பட்டங்கட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, உபதேசியார் வாயில் பொய்யா!

பண்டாரம் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"எனக்காக ஊர் எரிய வேண்டாம். நான் போறேன். வேதத்துக்காகச் செத்து வாங்குற வேதசாட்சி முடி எல்லாருக்குமா கிடைக்கும்?"

உப்பு வியாபாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்தார். முழங்கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல... நான்தான் போகணும்."

தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீரில் பாதி நெஞ்சில் கொட்டியது.

பட்டங்கட்டிக்கு வேதசாட்சிகள் கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். கொதிக்கிற எண்ணெயில் சிரித்தவர்கள், சிங்கத்தின் முன்னால் பாடியவர்கள். அதில் ஒருவருக்காவது கால் நடுங்கியதுண்டா?

அதற்குள் பண்டாரம் வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.

"கண்டுகிட்டேன் உபதேசியாரே! அவர்தான் சாமி. என்ன நடை பாரும்! இந்த நடுங்குறவனைக் கட்டிப் போடும்."

"அப்படியா? ஓடிப்போய் அவரைக் கூட்டிட்டு வாரும்."

பட்டங்கட்டி ஓடினார். மணல்மேட்டில் கருப்புக் கருப்பாக ஆட்கள். ஒவ்வொரு தோளிலும் நீளமாக ஏதோ ஒன்று. பண்டாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே அவர்களைப் பார்த்துப் போனார். அந்த நிமிர்வைப் பார்த்துப் பட்டங்கட்டிக்குக் கண் கலங்கியது.

சாமி, நில்லுங்க, அது நம்ம பயலுகதான் என்று கூப்பிட வாயெடுத்தார்.

பண்டாரம் முந்திக்கொண்டார். தலையில் கட்டியிருந்த காவித்துணியை உருவி, வீசி வீசிக் கத்தினார்.

"சுடாதீங்க! சுடாதீங்க! நான் உங்க ஆளு! சாமியாரு குடிசையில இருக்கான்!"

துடுப்புகள் கீழே இறங்கின. பட்டங்கட்டியின் ஆட்கள் ஓடிவந்து அவன் கையைப் பின்னால் கட்டினார்கள்.

பட்டங்கட்டி அங்கே நிற்கவில்லை. திரும்பி ஓடினார்.

உப்பு வியாபாரி எப்படியோ வாசல்வரை வந்திருந்தார். பட்டாளம் ஒன்றும் இல்லை, பட்டங்கட்டியின் சம்சாரம்தான் சாகக் கிடக்கிறாள் என்று உபதேசியார் சொல்லியும் நடுக்கம் விடவில்லை. பட்டங்கட்டியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னை மன்னிச்சிருங்க. நான் பயந்தாங்கொள்ளி. ஒரு நல்ல சாவு சாக வேண்டிய அம்மாவுக்கு இந்தக் கையா எண்ணெய் பூசுறது?"

பட்டங்கட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாமி. அவளும் பயந்துபோய்த்தான் கிடக்கா."