நெய்னார் தெருவின் ஒரே கோல்

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதை வெளியூர்க்காரர் யாருக்கும் விளங்காது.

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் துணிமணியை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடி வருவார். பிள்ளைகள் உம்மாவின் தெருவில் பிறந்து, அந்தத் தெருப் பிள்ளைகளாகவே வளரும். அதில் ஒரு குறையும் இல்லை. பந்தாட்டம் வரும்வரைக்கும் இல்லை.

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். நூகுத்தம்பி காக்கா பிறந்தது மரைக்கார் தெரு. இருபத்தைந்து வருஷமாகக் குடியிருப்பது மனைவியின் நெய்னார் தெரு. சோறு தண்ணீர் எல்லாம் நெய்னார் தெருவில்தான். ஆட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் அவர் மரைக்கார் தெருக்காரர். ஐம்பத்தாறு வயசிலும் அந்தத் தெருவின் பச்சைப் பனியனைப் போட்டுக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்துவார். மறுநாள் இரும்புக் கடையில் சைகையில்தான் வியாபாரம் நடக்கும்.

இந்த வருஷம் இறுதியாட்டம் இந்த இரண்டு தெருவுக்கும். வியாழக்கிழமை, ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம் இருக்கும்போது நெய்னார் தெரு ஒரு கோல் போட்டது. ஒரே கோல். கோப்பை போச்சு. மைதானத்தை விட்டு வெளியே வரும்போது பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

அந்தக் கோலைப் போட்டவன் பெயர் ஜக்கரியா. நூகுத்தம்பி காக்காவின் ஒரே மகன்.

அன்றிலிருந்து அவர் மகனோடு பேசவில்லை. தெருவே நெய்ச்சோறு ஆக்கி வீடு வீடாகக் கொடுத்தது. காக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். "புள்ள கோல் போட்டா வாப்பா வூட்டுல துக்கம்! எங்கயாவது உண்டா இப்படி?" என்று மனைவி மர்யம் கனி சத்தம் போட்டாள். காக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து, வழக்கம்போலக் குர்ஆன் ஓதிப் பழக உட்கார்ந்தார்.

ஓதிக்கொடுப்பவர் இல்யாஸ் ஆலிம்சா. குருவுக்கு முப்பத்தாறு வயசு. சீடருக்கு அவரைவிட இருபது கூட. சின்ன வயசில் ஓதாமல் பந்துக்குப் பின்னால் ஓடியவர் இப்போது எழுத்துக்கூட்டுகிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். காக்கா கண்டுகொள்ள மாட்டார். பாடம் பள்ளிவாசலின் வெளி வராந்தாவில், தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நடக்கும்.

அன்று ஒரே வரியில் நாலு இடத்தில் தடுக்கினார்.

"காக்கா, மனசு எங்க இருக்கு?"

"மைதானத்துல கிடக்கு, ஆலிம்சா."

"இன்னுமா?"

"இன்னும்தான். தோத்துப்போன மனசு ஆறணும்னா என்ன ஓதணும்? ஏதாவது துஆ இருந்தாச் சொல்லுங்க. நூறு தடவை வேணும்னாலும் ஓதுறேன்."

ஆலிம்சா வேறு ஒன்று கேட்டார்.

"தம்பி எப்படி இருக்கார், உங்க மகன்?"

"நல்லா இருக்கான். சாப்பிடுறான், தூங்குறான்."

"பேசுறாரா?"

"அவன் பேசுறான்."

"நீங்க?"

"சலாம் சொன்னா பதில் சொல்றேன்."

"எப்படி?"

"வாய்க்குள்ள."

கோபித்துக்கொண்டு மூன்று நாளைக்கு மேல் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கக் கூடாது என்பது மார்க்கம். எங்கள் ஊரில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். வியாழக்கிழமை மஃரிபிலிருந்து பார்த்தால், ஞாயிறு மஃரிபோடு மூன்று நாள் முடிகிறது. பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"தெரியும் ஆலிம்சா, நீங்க சொல்லாதீங்க" என்றார் காக்கா. "காலையிலேருந்து அஞ்சாறு தடவை வாயைத் தொறந்தேன். அவன் மூஞ்சியப் பாத்ததும் பந்து உள்ள போறதுதான் தெரியுது. வாய் தானா மூடிக்குது."

காக்கா குரலைத் தாழ்த்தினார்.

"பயமாவும் இருக்கு. எங்க வாப்பாவும் அவங்க அண்ணன் பெரிய வாப்பாவும் ஒரு சுவர்த் தகராறுல பேசாம இருந்தாங்க. முதல்ல மூணு நாள்னுதான் இருந்தாங்க. பெரிய வாப்பா எங்க வூட்டுக்குள்ள காலெடுத்து வச்சது எங்க வாப்பாவோட ஜனாஸாவைத் தூக்கத்தான். இன்னிக்கு விட்டா நானும் அப்படியே இருந்துருவேனோன்னு பயம். ஒரே புள்ள, ஆலிம்சா."

"சரி காக்கா. நான் அன்னிக்கு ஊர்ல இல்ல, மதுரைக்குப் போயிருந்தேன். அந்தக் கோல் எப்படிப் போச்சு?"

"அதை எதுக்குக் கேக்குறீங்க?"

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

காக்கா வேண்டா வெறுப்பாகச் சொன்னார். "கார்னர் அடிச்சாங்க. பந்து வெளிய வந்துச்சு. ஒருத்தன் அடிச்சான். போச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப தம்பி மேல என்ன கோபம்? பந்து தானா வந்து கால்ல பட்டிருக்கு, உள்ள போயிருக்கு. எல்லாம் நசீபு."

நசீபு என்றால் விதித்தது. வேலை கிடைத்தாலும் நசீபு, கப்பல் தவறினாலும் நசீபு. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். ஆலிம்சா வாயால் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எது நசீபு?"

"அந்தக் கோல்தான்."

"ஆலிம்சா, மார்க்கத்துல நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்குவேன். பந்தாட்டத்துல உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதான்."

"நசீபாம்ல, நசீபு!"

எழுந்து படிக்குப் போனார். அங்கே கிடந்த செருப்புகளை அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் பரப்பினார். கைக்குட்டையை முடிச்சுப் போட்டுப் பந்தாக உருட்டினார்.

"இங்க பாருங்க. இது கோலைக் காக்குற எங்க கோலி பைசல். இந்த ரெண்டும் அவனுக்கு முன்னால நின்னு தடுக்குற எங்க பேக்கு. கார்னர் பந்தை எங்க பையன் தலையால முட்டி வெளிய தள்ளிட்டான். பந்து இங்க வருது, இந்த உசரத்துல. வேற எவனா இருந்தாலும் பதறிப்போய் அப்படியே அடிச்சிருப்பான். பந்து கடலுக்குப் போயிருக்கும். இவன் அடிக்கல."

"யாரு?"

"ஜக்கரியாதான், வேற யாரு!"

மூன்று நாளில் அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது தெரியவில்லை.

"நெஞ்சுல வாங்கினான். வாங்கிக் கீழ விட்டான். எங்க பேக்கு ரெண்டு பேரும் மேல விழ வர்றாங்க. ரெண்டு தெரு சனமும் கத்துது. இவன் நிக்கிறான், ஆலிம்சா! பந்து தரையில படட்டும்னு நிக்கிறான். நசீபுன்னா எதுக்கு நிக்கணும்?"

"அப்புறம்?"

"இடங்கால்."

கைக்குட்டை இரண்டு செருப்புகளுக்கு நடுவில் புகுந்து போனது.

பாங்கு சொல்கிற மோதினார் அபுசாலி அப்போது துடைப்பத்தோடு வந்தார். பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பு பரவிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு முதலில் முகத்தைச் சுளித்தார். விஷயம் தெரிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அவரும் மரைக்கார் தெருவில் பிறந்தவர்.

"அட, அந்தக் கோலா காக்கா? நம்ம பைசல் நின்னுக்கிட்டே தூங்கிட்டான். எங்க உம்மாகூடப் பிடிச்சிருப்பா அந்தப் பந்தை."

ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம். காக்காவுக்குச் சுருக்கென்று ஏறியது.

"பைசல் தூங்கல. நீ வா, இங்க நில்லு. நீதான் கோலி."

"எனக்கு வேலை கிடக்கு காக்கா."

"நில்லுங்கிறேன்!"

அபுசாலி கையை விரித்துக்கொண்டு நின்றார். ஆலிம்சா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"இப்ப பாரு. பந்து கால்ல இருக்கு. அவன் கண்ணு தொட்டிப் பக்கம் பாக்குது. தோளும் தொட்டிப் பக்கம் சாயுது. நீ எந்தப் பக்கம் பாய்வே?"

"தொட்டிப் பக்கம்."

"பைசலும் அப்படித்தான் பாஞ்சான். எந்தக் கோலியும் அப்படித்தான் பாய்வான். ஆனா கால் அடிச்சது வாசல் பக்கம்! அந்த இடங்காலை யாரு பழக்குனா? நான். கடற்கரையில ஆறு மாசம் வலங்காலால பந்தைத் தொடவே விடல. அழுதுக்கிட்டே பழகுவான். அன்னிக்கு அடிக்கும்போது நாக்கைக் கடிச்சான் பாரு, நான் எந்திரிச்சுட்டேன். சின்னப் புள்ளையிலேருந்து அப்படித்தான். நாக்கைக் கடிச்சான்னா பந்து உள்ளதான். எங்க ஆளுங்க நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டேன். அப்புறம்தான் எந்தப் பக்கம் நிக்கிறோம்னு நெனப்பு வந்து கையை இறக்குனேன்."

சொல்லிக்கொண்டே உதைத்தார். அபுசாலி தொட்டிப் பக்கம் பாய்ந்தார். கைக்குட்டை வாசல் பக்கம் பறந்து போய், அங்கே நின்ற ஒருவனின் காலடியில் விழுந்தது.

ஜக்கரியா நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உம்மா அனுப்பினாங்க" என்றான். "பாங்குக்கு முன்னாடி உங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க."

காக்கா உதைத்த காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஜக்கரியா குனிந்து கைக்குட்டையை எடுத்தான். அதன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாக்கைக் கடிக்கல வாப்பா. அந்தப் பழக்கமெல்லாம் எப்பவோ விட்டாச்சு."

"கடிச்சே."

"இல்ல வாப்பா. எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பந்தைப் பாத்துக்கிட்டிருந்தே. நான் உன்னைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்!"

அபுசாலி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். ஜக்கரியா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். இறுகிப்போயிருந்தது, அவிழவில்லை. காக்கா அதை வாங்கி, முடிச்சோடேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீ குடிச்சியா?"

"இல்ல வாப்பா."

"பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கு. வா, குடிச்சிட்டு ரெண்டு பேரும் இங்கயே தொழுதுக்கலாம். உம்மாவுக்கு ஒரு போனைப் போட்டுச் சொல்லிரு. வாப்பா பேசிட்டாங்கன்னு சொல்லு."

இருவரும் செருப்புகளை எடுத்துப் படியில் ஒழுங்காக வைத்தார்கள். வாசலைத் தாண்டப்போனவர் என்ன நினைத்தாரோ, மகனை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இருந்தாலும் தோத்தது தோத்ததுதானே, ஆலிம்சா. அது மனசுல கிடக்கத்தான் செய்யுது. என்ன ஓதணும்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?"

"அது கிடக்கட்டும் காக்கா" என்றார் ஆலிம்சா. "நானோ ஆட்டத்தைப் பாக்காத ஆள். எப்படிச் சொன்னாலும் நம்பியிருப்பேன். மூணு தடவை சொன்னீங்களே, ஒரு தடவையாவது பந்தை வெளிய விட்டிருக்கலாம்ல?"